புலிக்குப் பசி உண்டா? – ஆடுபுலி ஆட்டமும் கம்ப்யூட்டர் காடும்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் புலி உண்டு. ஆடும் உண்டு. சில வரைபடங்களில் இரண்டும் ஒரே காட்டில், கூப்பிடு தூரத்தில் நிற்கும். ஆனால் அந்தப் புலி அந்த ஆட்டைத் தின்னாது. திரும்பிக்கூடப் பார்க்காது. விறகு வெட்டப் போகிற மனிதன் கண்ணில் பட்டால்தான் அதற்கு ஆவேசம் வரும்.

இதை முதலில் கவனித்தவன் நான் அல்லன். பெருங்கடவிளையில் உறவினர் வீட்டுத் திண்ணையில், விடுமுறைக்கு வந்திருந்த பேரன் லேப்டாப்பை மடியில் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய பாட்டா. (நாஞ்சில் நாட்டிலும் இந்த எல்லைப் பக்கத்திலும் தாத்தாவைப் பாட்டா என்றுதான் சொல்வோம்.) கொஞ்ச நேரம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "எலே மக்கா, இது என்ன புலிலே? முன்னால ஆடு நிக்குது, திங்கல்லியே!" என்றார். "பாட்டா, அது அப்படித்தான். அதுக்கு ஆடு கண்ணுல படாது" என்றான் பேரன். "அப்போ அது புலி இல்லலே, போலீஸ்காரன். ஆளைத்தான பிடிக்கும்" என்றார் அவர்.

வீடே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு விளையாட்டில் எதிரியாக வருகிற மிருகம் எப்படி நடந்துகொள்கிறது, அதற்கு என்ன தெரியும், என்ன தெரியாது, கூட இருக்கிற மற்ற மிருகத்தோடு அதற்கு என்ன உறவு என்று பார்ப்பது சிறுபிள்ளைச் சமாசாரம் அல்ல. ஒரு நாவலில் வில்லனை எப்படிப் படைத்திருக்கிறார்கள் என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதே வேலைதான் இது. நம் வீட்டுப் பிள்ளைகள் கதைப் புத்தகத்தோடு செலவிடும் நேரத்தைவிட இந்த வில்லன்களோடு செலவிடும் நேரம் அதிகம் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

முதலில் அந்த விளையாட்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1999-ல் வெளிவந்தது; உருவாக்கியது என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம். 2019-ல் புதுப்பித்த பதிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் இந்திய வம்சங்களை வைத்து ஒரு இணைப்பு வந்தது. அதில் 'திராவிடர்' என்று ஒரு தனி நாகரிகம் சேர்ந்தது. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வரிசையாக ஆடலாம். சுருண்டு பாயும் உருமி வாள் பிடித்த வீரர்கள் உண்டு. திரிசடை என்ற பெயரில் ஒரு கப்பல் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாகரிகத்து மனிதர்களைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மலையாளமும் ஆங்கிலமுமாக வளர்கிற பையன், "அப்பா, இது நம்ம வீட்டுப் பேச்சு பேசுது!" என்று அடுக்களை வரைக்கும் ஓடிவந்த கதையை நெய்யாற்றின்கரையில் ஒரு தகப்பனார் எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் கம்மியது. 1956 நவம்பர் 1-ல் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீசுவரமும் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கம்மல் புரியும்.

ஆனால் பெருமை வேறு, விமர்சனம் வேறு. பெயர் நம்முடையது, வாள் நம்முடையது, பேச்சும் நம்முடையது. புலி மட்டும் யாருடையதும் அல்ல.

அந்தப் புலியின் மூளையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது சின்னக் கணக்கு. இவ்வளவு தூரம் வரை கண் தெரியும். அந்த வட்டத்துக்குள் ஆட்டக்காரரின் ஆள் வந்தால் ஓடு, கடி. ஆள் செத்தால் நில். அவ்வளவுதான். ஓநாய்க்கும் இதே கணக்கு. தோல் மட்டும் வேறு. ஆடுகளுக்கு இன்னும் விசித்திரமான கணக்கு: எந்தப் பக்கத்து ஆள் முதலில் கண்டானோ அவனுக்குச் சொந்தம். பிறகு அந்த ஆட்டையே உளவு பார்க்க அனுப்பலாம். அது ஓநாய்க் கூட்டத்துக்கு நடுவே மேய்ந்துகொண்டே போய்ப் பத்திரமாகத் திரும்பி வரும்! மான், ஆள் நெருங்கினால் விலகி ஓடும்; அதனால் கெட்டிக்காரப் பையன்கள் குதிரைவீரனை வைத்து மானை நெட்டித் தள்ளிக்கொண்டே ஊர் நடுவுக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆக இந்தக் காட்டில் எந்த மிருகத்துக்கும் இன்னொரு மிருகத்தோடு பேச்சுவார்த்தை இல்லை. ஒவ்வொன்றும் மனிதனோடு மட்டும் கணக்குத் தீர்க்கிறது.

ஒரே ஒரு மிருகம் விதிவிலக்கு: காட்டுப்பன்றி. அது தானாக வம்புக்கு வராது. கிராமத்தான் அம்பு விட்டால் துரத்தும். 340 பங்கு உணவு அதன் உடம்பில். ஓர் ஆட்டில் 100தான். எனவே ஒருவன் அம்பெய்து, அது துரத்த, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் நடுவே ஓடிவர, அங்கே காத்திருக்கிற மற்றவர்கள் அதைச் சாய்ப்பார்கள். ஒரு அம்பு கூடினால் ஆள் செத்தான். குறைந்தால் பன்றி பாதிவழியில் திரும்பிவிடும். இருபது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைப் பழகிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த விளையாட்டின் காட்டு மிருகங்களில் உண்மையான படைப்பு என்று நான் ஒப்புக்கொள்வது இந்தப் பன்றியைத்தான். அதன் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு அளவு இருக்கிறது. அதைத் தெரிந்தவன் பிழைக்கிறான். (மரச்சீனி நட்ட எந்தப் பெருங்கடவிளைக்காரரும் இதைக் கேட்டால் சிரிப்பார். நம்ம ஊர்ப் பன்றிக்கு அம்பு வேண்டாம். ராத்திரி கிழங்கு முற்றிய மணம் போதும்.)

இனி ஒரு நியாயம் சொல்ல வேண்டும். புலி ஆட்டைத் தின்னாதது படைத்தவர்களின் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த விளையாட்டில் பையனுக்கு ஒரே நேரத்தில் நூறு வேலை. வயல் போட வேண்டும், மதில் கட்ட வேண்டும், எதிர்ப்படை வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு நடுவில் காட்டுப்புலியும் தந்திரம் செய்தால் அவன் தாங்கமாட்டான். புலி இங்கே எதிரி அல்ல, வழியில் கிடக்கிற பள்ளம். பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்க வேண்டும்.

எளிய கணக்கை வைத்தே எதிரிகளைக் கூட்டாளிகளாக்க முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1980-ல் ஜப்பானில் நாம்கோ நிறுவனத்துக்காகத் தோரு இவாத்தானி உருவாக்கிய 'பேக்-மேன்' நம்மில் பலர் விளையாடியதுதான். நாலு பேய்கள் துரத்தும். நாலும் ஒன்றுபோல் துரத்துவதாக நமக்குத் தோன்றும், அப்படி அல்ல. சிவப்புப் பேய் நாம் நிற்கும் கட்டத்தை நோக்கி வரும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலம், சிவப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் தன் இலக்கை முடிவு செய்யும். ஆரஞ்சு இருக்கிறதே, எட்டுக் கட்டத்துக்குள் வந்ததும் பயந்து தன் மூலைக்கு ஓடிவிடும். நாலு குணம், சேர்ந்தால் ஒரு வியூகம். 2009-ல் வந்த 'பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்' விளையாட்டில் பிணங்கள் வரிசை வரிசையாக வீட்டை நோக்கி நடந்து வருகின்றன. செய்தித்தாள் படித்துக்கொண்டு நிதானமாக வருகிற பிணம், தாள் கிழிந்ததும் வெறி பிடித்து ஓடும். நல்ல நகைச்சுவை. ஆனால் ஒரு வரிசையில் சுடுகிறார்கள் என்று பக்கத்து வரிசைக்கு ஒதுங்கும் புத்தி பெரும்பாலான பிணங்களுக்குக் கிடையாது. குணம் இருக்கிறது, கூட்டு இல்லை.

இப்போது நம் திண்ணைக்கு வருவோம். பாட்டா அன்று மாலையே கரிக்கட்டியால் களம் வரைந்துவிட்டார்.

ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றி இந்த மாதிரி மலர்களில் எழுதுகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஆயிரமாயிரம் ஆண்டுக் கணக்குச் சொல்வது வழக்கம். கோயில் மண்டபத் தளங்களில் களம் கீறியிருப்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். கல் பழையதுதான்; கோடு எப்போது கீறியது என்று கல் சொல்லாது. காவலுக்கு உட்கார்ந்தவன் போன நூற்றாண்டில் கீறியிருக்கலாம். நமக்குப் பழமை வேண்டாம், பரவல் போதும். ஆந்திரத்தில் இது புலிஜூதம். ஹென்றி பார்க்கர் 1909-ல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் சிங்களர் இதைத் 'தெமள திவியன் கெளிய', அதாவது தமிழரின் சிறுத்தை விளையாட்டு, என்று அழைப்பதைக் குறித்திருக்கிறார். இங்கே ஒரு வேடிக்கை. மலையாளத்தில் புலி என்றால் பெரும்பாலும் சிறுத்தை; வரிப்புலிக்குக் கடுவா என்று பெயர். பாறசாலைக்கும் பெருங்கடவிளைக்கும் நடுவில் 'புலி' என்று ஒருவர் சொன்னால் எந்த மிருகம் என்பது கேட்பவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்பதைப் பொறுத்தது. என் கட்சி சிறுத்தைதான். தொழுவத்து ஆட்டைத் தேடி வருவது அதுதானே!

களத்தை நினைவூட்டுகிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அங்கிருந்து நாலு கோடு இறங்கும். குறுக்கே மூன்று கோடு, ஒவ்வொன்றிலும் 6 புள்ளி. அவற்றின் முனைகளை இரு பக்கமும் ஒரு கோடு இணைக்கும். அடியில் 4 புள்ளி. ஆக 23. புலி 3, ஆடு 15. ஆட்டை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எல்லாம் இறங்கும் வரை ஆடு நகரக்கூடாது. புலி பக்கத்து ஆட்டைத் தாண்டி, நேர்கோட்டில் அடுத்த புள்ளி காலியாக இருந்தால், கொல்லும். மூன்று புலியும் அசைய முடியாமல் ஆனால் ஆட்டுக்கு வெற்றி.

இதில் புலிக்குத் தெரிந்தது எவ்வளவு? கம்ப்யூட்டர் புலியைவிடக் கொஞ்சம்தான்: நகரும், தாண்டும். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் காடு முழுவதும் இருக்கிறது. நேர்கோட்டில்தான் தாண்ட முடியும் என்பதால், கோடு முடிகிற இடத்தில் நிற்கிற ஆட்டைப் புலி தொட முடியாது. உச்சி, முதல் குறுக்குக் கோட்டின் இரு முனை, மூன்றாவதின் இரு முனை, அடிக்கோட்டின் இரு முனை: எண்ணிப் பாருங்கள், ஏழு இடம். உச்சியில் பெரும்பாலும் ஒரு புலிதான் தொடக்கத்தில் இருக்கும். மீதி ஆறில் ஆறு ஆட்டை வைக்கிற வரை எவனும் கெட்டிக்காரன்தான். ஏழாவது ஆட்டில்தான் ஆட்டம் தொடங்குகிறது. அது ஏதோ ஒரு புலிக்கு எட்டுகிற இடத்தில்தான் நிற்க வேண்டும். பின்னால் இன்னொரு ஆடு முதுகு கொடுத்தால்தான் உயிர் தப்பும். தனி ஆடு சாகும், சேர்ந்த ஆடு நிற்கும் என்பதை இங்கே யாரும் போதிக்கவில்லை, கோடு சொல்கிறது.

புலிகளின் உறவு இதைவிட ருசியானது. புலி புலியைத் தாண்ட முடியாது. கூட்டாளி புலி ஒட்டி வந்து நின்றால் ஒரு வழி அடைபடும். இறங்க வேண்டிய புள்ளியில் நின்றால் கைக்கு எட்டின ஆடு வாய்க்கு எட்டாது. மூலையில் நிற்கிற புலியைக் கட்ட நாலு ஆடு போதும்: பக்கத்தில் இரண்டு, அவற்றின் முதுகில் இரண்டு. களத்தின் நடுவில் நிற்கிற புலியைக் கட்ட எட்டு வேண்டும். அதனால் புலி ஆடத் தெரிந்தவன் மூன்றையும் பிரித்து, நடுவைப் பிடித்து ஆடுவான். பதைப்புக்காரன் மூன்றையும் ஒரே ஆட்டின்மேல் ஏவி, தானே தன் காலைக் கட்டிக்கொள்வான். பேக்-மேன் பேய்கள் ஒன்றையொன்று ஊடுருவிப் போய்விடும். ஒன்றுக்கு இன்னொன்று இடைஞ்சல் ஆகாது. நம் புலிகளுக்கு அந்த வசதி இல்லை. எதிரிகள் தங்களுக்குள் இடித்துக்கொள்வதே ஆட்டின் பாதி பலம்.

குறையும் சொல்ல வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்த இருவர் உட்கார்ந்தால் கடைசியில் புலி இரண்டு புள்ளிக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும்; ஆட்டுக்காரர் கொட்டாவி விடுவார். ஒரே நடையைத் திரும்பத் திரும்ப நடக்கலாமா என்பதற்குப் பல வீடுகளில் விதியே இல்லை, சண்டைதான் உண்டு. நேபாளத்தின் 'பாக்-சால்' நம்முடையதன் பங்காளி: 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த லிம் யூ ஜின்னும் யுர்க் நீவர்கெல்ட்டும் அதைக் கம்ப்யூட்டரிலேயே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் சமன்தான் என்று நிறுவினார்கள். அவர்களுடைய கட்டுரை 2009-ல் நூலில் வந்தது. களமும் எண்ணிக்கையும் வேறு என்பதால் அந்த முடிவை அப்படியே நம் திண்ணைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் முன்னும் பின்னும் நடக்கிற அந்தப் புலியைப் பார்த்தால் எனக்கு அந்தச் சமன் ஞாபகம் வரும்.

பின் எதனால் நம் புலி மேலானது என்கிறேன்? அதன் மூளை பாட்டாவினுடையது என்பதால் மட்டும் அல்ல. செஸ்ஸிலும் எதிரே மனிதன்தான். இங்கே அடுத்த ஆட்டத்தில் இடம் மாற வேண்டும் என்பதுதான் விசேஷம். போன ஆட்டத்தில் ஆட்டைத் தின்றவன் இந்த ஆட்டத்தில் ஆட்டை மேய்க்க வேண்டும். புலிக்கு எந்த நேரத்தில் பதைப்பு வரும், எந்த ஆட்டைக் கண்டால் நாக்கில் நீர் ஊறும் என்று அவனுக்குத் தெரியும்; கொஞ்ச நேரம் முன்புதான் அவன் புலியாக இருந்தான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பிள்ளை ராஜேந்திரனாக ஆகலாம். காட்டில் நிற்கிற அந்தப் புலியாக ஆகிப் பார்க்க அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

இதையெல்லாம் சொல்லிக் கம்ப்யூட்டரை மூடிவைக்கச் சொல்லலாம் என்றுதான் நானும் நினைத்தேன். பேரன் அதைக் கெடுத்துவிட்டான்.

இரண்டாவது ஆட்டத்தில் பாட்டா புலி, அவன் ஆடு. மூன்றாம் குறுக்குக் கோட்டின் இடது மூலையைக் காலியாக விட்டு, அதன் பக்கத்துப் புள்ளியில் ஒரு ஆட்டைத் தனியாக வைத்தான். பார்க்கிற எல்லாருக்கும் அது பிழையாகத்தான் தெரிந்தது. பாட்டா தாண்டித் தின்றார். புலி மூலையில் போய் உட்கார்ந்தது. பக்கவாட்டுக் கோட்டில் மேலே இரண்டு ஆடு ஏற்கெனவே அடைத்து நின்றன. பையன் அடுத்த ஆட்டைப் புலியின் வாய்க்கருகில் வைக்காமல், ஒரு புள்ளி தள்ளி, புலி புறப்பட்டு வந்த இடத்தில் வைத்தான். பாட்டாவுக்கு அப்போது மூலைப்புலியை வெளியே எடுக்க நேரம் இருந்தது. ஆனால் மறுகோடியில் இன்னொரு ஆடு முதுகு இல்லாமல் நின்றது. அவர் அதைத் தின்றார். பையன் மூலைப்புலியின் முன்னால் நாலாவது ஆட்டை வைத்துக் கதவைச் சாத்தினான். இரண்டு ஆடு செலவு. ஒரு புலி கட்டுண்டது.

பாட்டா களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை எவன்லே உனக்குச் சொல்லித் தந்தான்?"

"பன்னி, பாட்டா. லேப்டாப்புல உள்ள பன்னி. முதல்ல ஒரு அம்பு விட்டு வரச் சொல்லணும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உச்சியில் நின்ற புலியை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டம் முடியவில்லை. நெய்யாற்றுப் பக்கமிருந்து மழை ஏறி வந்து, திண்ணையில் சாரல் அடித்துக் கோடெல்லாம் கரைந்துவிட்டது. மிச்சம் இரண்டு புலியை வைத்துத் தான் ஜெயித்திருப்பேன் என்று பாட்டா இன்றைக்கும் சொல்கிறார். பேரன் போனில் மறுக்கிறான். அந்த வழக்கு மட்டும் முழுக்கத் தமிழிலேயே நடக்கிறது.